மூன்று ஓட்டில் வந்த பதவி

ஆர்லன் கிரேபில் அறுபத்திரண்டு வயது வரை ஓட்டே போட்டதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தது. அதுவும் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில் யாரோ சேர்த்துவிட்டது. எங்கள் வெல்லர்ஸ்டவுனில் பிரெட்சல் என்ற முறுக்கு ரொட்டி சுடும் ஆலையில் முப்பத்தைந்து வருஷம் அடுப்படியில் நின்றவர். "எவன் மேயரா வந்தாலும் அடுப்பு அதே சூடுதான்" என்பார்.

பென்சில்வேனியாவில் வாக்குச்சாவடித் தலைவரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரும் நிற்க மாட்டார்கள். அதனால் வாக்குச்சீட்டில் அந்த இடம் காலியாக இருக்கும். யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். ஆலையில் கூட வேலை பார்த்த டெல்மர் யோஸ்ட், மதுக்கடையில் மூன்று பேரைப் பிடித்து ஆர்லன் பெயரை எழுதச் சொன்னார். டெல்மர் எழுதவில்லை. அவரும் ஓட்டுப் போடாத ஆள்தான். எண்ணிப் பார்த்தால் ஆர்லனுக்கு மூன்று ஓட்டு. அடுத்து வந்தது பஸ்டர் என்ற நாய், இரண்டு ஓட்டு.

மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டெல்மர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போய் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வாடா. நாய்க்காவது குடுக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் ஆர்லன் போனார். அங்கிருந்த பெண்மணி அவர் வாயைத் திறக்கும் முன்பே இருநூறு பக்க விதிப்புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து புரட்டினார். மறுநாளும் புரட்டினார். ஒரு வாரம் கழித்து மதுக்கடையில் உட்கார்ந்து, வாசலிலிருந்து பத்தடிக்குள் பிரசாரம் கூடாது என்று டெல்மருக்கே விளக்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எட்டு வருஷம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் அவர் தலைவர். பக்கத்து நாற்காலியில் பதிவேட்டோடு நான். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே வந்துவிடுவார். எங்கள் சாவடிக்குரிய தொள்ளாயிரம் வாக்காளர்களில் மேயர் தேர்தலுக்கு வந்தது தொண்ணூற்றேழு பேர். தேவாலயத்துப் பெண்கள் வாசலில் விற்ற கோழிச் சோள சூப்புக்கு அதைவிடக் கூட்டம். சூப்போடு திரும்பிப் போகிறவர்களை ஆர்லன் கதவருகே நின்று பார்ப்பார். கூப்பிட மாட்டார், அதற்கும் விதி இருந்தது.

ஒருமுறை பிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்தாள். "சார், இந்த ஊர் எந்தக் கட்சிப் பக்கம் சாயுது?"

"சாயறதெல்லாம் இல்லம்மா," என்றார் ஆர்லன். "படுத்தே கெடக்கு."

போன வருஷம் நகர மன்றம் ஒரு கேள்வியை வாக்கெடுப்புக்கு விட்டது. உதிர்ந்த இலைகளைக் கொல்லையில் எரிப்பதைத் தடை செய்யலாமா? ஊர் எழுந்து உட்கார்ந்தது. நாற்பது வருஷம் ஒரே குடியரசுக் கட்சியில் இருந்த அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு கட்சியின் ஊர்த் தலைவர்களும் ஒரே மேடையில் நின்று, இலை எரிப்பது எங்கள் உரிமை என்றார்கள்.

டெல்மர் வீட்டில் மூன்று பெரிய மேப்பிள் மரங்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு அரசியல் வந்தது. தேர்தல் நாள் முழுக்கத் தன் வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பத்தொன்பது பேர். கடைசியாக வயதான ஏபி அம்மாளைக் கைப்பிடித்து வாசல்வரை கொண்டுவந்து உள்ளே அனுப்பிவிட்டு, வண்டியை ஓரங்கட்டப் போனார். திரும்பி வரும்போது எட்டு மணி ஒரு நிமிஷம். ஆர்லன் கதவைச் சாத்தியிருந்தார்.

"தொறடா, நான்தான்."

"எட்டு மணிக்கு வரிசையில நின்னவங்களுக்குத்தான் ஓட்டு."

"இப்பதானடா அந்தம்மாவ கொண்டாந்து விட்டேன். நீயே பாத்தல்ல?"

"பாத்தேன். விட்டுட்டுப் போயிட்ட. நீ வரிசையில இல்ல."

"உனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே நான்டா."

"அது வேற விஷயம்," என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னார் ஆர்லன். இலை எரிப்பதில் டெல்மரைவிட ஆசை கொண்டவர் அவர். அக்டோபர் பிறந்தால் இலை வாரியும் கையுமாகத் திரிகிறவர்.

இரவு ஊரின் எல்லாச் சாவடிகளின் எண்ணிக்கையும் வந்தது. தடை வேண்டும், 1,241. வேண்டாம், 1,240. சமமாகியிருந்தால் தடை தோற்றிருக்கும். பிலடெல்ஃபியா பத்திரிகை, வெல்லர்ஸ்டவுன் சுற்றுச்சூழல் பக்கம் திரும்பிவிட்டது என்று எழுதியது. ஞாயிற்றுக்கிழமை ஏபி அம்மாள் தேவாலய வாசலில் டெல்மரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மூச்சிரைப்பு. புகையே ஆகாது. நீ மட்டும் கூட்டிட்டுப் போகலன்னா தடைக்கு ஒரு ஓட்டு குறைஞ்சிருக்கும்ப்பா. கர்த்தர் உன்ன ஆசீர்வதிக்கட்டும்."

டெல்மர் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுத்தார். தலைவர் விதிப்படிதான் நடந்தார் என்று பதில் வந்தது. அதன் பிறகு இருவரும் பேசவில்லை. மதுக்கடையில் நடுவில் மூன்று முக்காலி காலியாகக் கிடந்தது. அந்த இலையுதிர் காலத்தில் ஊரே வழக்கம்போல் எரித்தது. முதல் புகை போலீஸ் தலைவர் வீட்டுக் கொல்லையிலிருந்துதான். எரிக்காதவர் ஆர்லன் ஒருவர். நாற்பது மூட்டை இலை அவர் வீட்டு முன் ஊர்க் குப்பை லாரிக்காகக் காத்திருந்தது.

இந்த வசந்தத்தில் பள்ளிக் குழுத் தேர்தல். காலை ஏழுக்குக் கதவைத் திறந்தால் வாசலில் ஒரே ஆள், டெல்மர். ஆறரைக்கே வந்துவிட்டாராம். ஆர்லன் மேசைக்குப் பின்னால் வந்து நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார்.

"பேரு?"

டெல்மர் என்னைப் பார்த்தார். "நாப்பது வருஷமா தெரிஞ்சவன் பேரு கேக்குறான் பாரு."

"கேக்கணும்னு விதி," என்றார் ஆர்லன்.

"யோஸ்ட். டெல்மர் யோஸ்ட்."

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புத் தட்டிக்குப் பின்னால் போனார். வெகுநேரம் கழித்துத் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"டேய் ஆர்லன், இதுல ஒருத்தனையும் எனக்குத் தெரியலையே. யாருக்குப் போட?"

"அத நான் சொல்லக் கூடாது," என்றார் ஆர்லன். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.