ஆராதனைக்குள் போன டியூட்டிப் புத்தகம்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

நான் சூரமங்கலத்தில் எஞ்சின் ஷெட் குமாஸ்தா என்பது உங்களில் பலருக்குத் தெரியும். யார் எந்த ரயிலுக்குப் போக வேண்டும் என்று பெயர் எழுதுவது என் வேலை. ரயில் கிளம்புவதற்கு முன்னால் ஷெட் ஆள் ஒருவர் டியூட்டிப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய், கையெழுத்து வாங்கி, ஆளைக் கூட்டி வருவார். வீட்டில் ஆள் இல்லையா? ‘வீட்டில் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விதி அவ்வளவுதான்.

யுத்தம் வந்தாலும் வந்தது — ஸ்பெஷல் ரயில் மேல் ஸ்பெஷல் ரயில். வார ஓய்வெல்லாம் ரத்து. நானும் எட்டு ஞாயிறாகக் கோவில் பக்கம் தலைகாட்டவில்லை. ஓய்வுநாள் கட்டளையை ஞாயிறு பள்ளியில் தப்பில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன்!

நான்கு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. ஆள் கூப்பிடுகிறவருக்குக் காய்ச்சல். பதினோரு மணிக்கு ஒரு ஸ்பெஷல்; டிரைவர் வந்தாயிற்று, ஃபயர்மேன்தான் வேண்டும். புத்தகத்தை நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் பெயர் ஃபயர்மேன் தேவசகாயம். திருச்செங்கோட்டுப் பக்கத்து மனிதர்; ஷெட்டில் என்னைத் தவிர எங்கள் சபைக்காரர் அவர் ஒருவர்தான். இருபது மணி நேரம் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டுவிட்டு அன்று காலையில்தான் எஞ்சினை விட்டு இறங்கியிருந்தார். ஆள் பஞ்சத்தில், வீடு பக்கம் என்று மறுபடியும் அவர் பெயரையே முதலில் எழுதியிருந்தேன்.

வீடு பூட்டியிருந்தது.

இரண்டே வார்த்தை எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். அடுத்த பெயர்க்காரர் முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கியவர். ஆனால் அவர் வீடு இரண்டு மைல் தள்ளி... வெயில் வேறு. கோவிலோ அடுத்த தெருவில். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கு எங்கள் சபைக்காரர் வேறு எங்கே இருப்பார்?

உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. தேவசகாயம் பாயில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். காதோரம் கரி. அவருக்காகவே உபதேசியார் பிரசங்கத்தைச் சின்னக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பின்வரிசைக்காரர்களுக்குக் கேட்டிருக்காது. ஆனால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து தேவசகாயத்தின் மனைவி ரூத் எழுந்து வந்தார்.

“எழுப்பாதீங்கண்ணா. ஊட்டுக்குப் போனா ஆளு உட்டுருவாங்கன்னுதான் நேரா இங்க வந்துட்டாருங்க. ஒரு மணி நேரம் உடுங்கண்ணா.”

“ரயில் காத்திருக்காதும்மா” என்றேன். ரயிலே நான்தான் என்பது போல.

தோளைத் தட்டினேன். கண் விழித்தவர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“வாரேனுங்க சார்” என்று எழுந்து போனார்.

நான்? வந்ததுதான் வந்தோம், ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போகலாமே என்று அவர் எழுந்த இடத்தில் உட்கார்ந்தேன். சுவர் இதமாக இருந்தது. எட்டு வாரத்துக் களைப்பு... அப்படியே தூங்கிப்போனேன். என்னை யாரும் எழுப்பவில்லை.

மதியம் செய்தி வந்தது. அயோத்தியாப்பட்டணம் தாண்டி, ஓடுகிற எஞ்சினிலிருந்து தேவசகாயம் விழுந்துவிட்டார். கரி அள்ளிக்கொண்டிருந்தவருக்கு நின்றபடியே கண் சொருகிவிட்டது என்றார் டிரைவர். உயிர் அங்கேயே போய்விட்டது.

விசாரணை நடந்தது. டியூட்டிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கையெழுத்து, நேரம், எல்லாம் ஒழுங்கு. வீட்டில் இல்லாத ஆளைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்த என் சுறுசுறுப்பைப் பாராட்டி ஒரு வரி எழுதினார்கள். அன்றிலிருந்துதான் என்னால் இந்தப் பக்கத்துக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. எடுத்தால் அந்தக் கையெழுத்துதான் கண் முன்னால் நிற்கிறது.

சோம்பேறியால் ஊருக்கு என்ன பெரிய கெடுதல் வந்துவிடும்? அவன் பாட்டுக்குக் கிடப்பான். ஓயாமல் உழைக்கிறவன்தான் ஆபத்து — அவன் அடுத்தவனையும் ஓய விடமாட்டான்.

இப்போது ஞாயிறு காலை ஓய்வைச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு, கோவிலுக்குப் போகிறேன். உட்கார்ந்து, நாலு பேரோடு பாடி, தலை குனிந்து எழுந்தால் நெஞ்சில் கொஞ்சம் மூச்சு வருகிறது. சோறு மாதிரி இதுவும் மனிதனுக்கு வேண்டியிருக்கிறது. எனக்குப் புரிவதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

போன ஞாயிறு வெளியே வரும்போது ரூத் வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் திட்டவில்லை, அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏனுங்கண்ணா, ஊடு பூட்டிக் கெடந்துச்சே... நாங்க இங்க இருப்போம்னு அந்த ஷெட்டுல வேற யாருக்குங்க தெரியும்?”

வேறு யாருக்கும் தெரியாது.

ஆள் கூப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை — கதவு பூட்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.