கொண்டுவந்த மண்

அந்த ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் மண்ணக்காவை முதலில் சந்திப்பது கை கழுவும் தொட்டியருகில்தான். பெயர் கேட்கமாட்டாள். விரலைப் பார்ப்பாள்.

"மோதிரத்தைக் கழட்டி வச்சிட்டு உள்ள வா. உன் தங்கம் என் தேயிலைக்குள்ள போச்சுன்னா, தங்கமலையில வெளைஞ்சதுன்னு நான் எழுதிக் குடுக்க வேண்டியதாயிடும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள். கூடச் சிரிக்க அந்த அறையில் பெரும்பாலும் ஆள் இருக்காது.

தேயிலைச் செடி, தான் நிற்கிற மண்ணின் தாதுக்களை வேர் வழியே உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். அந்த அளவு மலைக்கு மலை மாறும். இலையை அமிலத்தில் கரைத்துக் கருவியில் ஓட்டிப் பார்த்து, உறையில் போட்டிருக்கிற மலையில்தான் அது விளைந்ததா என்று சொல்வது அவள் வேலை; மண்ணக்கா என்ற பெயரும் அதனால் வந்ததுதான். உறையில் மலையின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். தோட்டக்காரர் யார் என்பது இருக்காது.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அப்பா அம்மா போனபின் சொந்தம் என்று மிஞ்சியது மலையில் தோட்டம் வைத்திருக்கும் தம்பி ஒருவன்தான். ஞாயிறு காலையில் அவன் அழைப்பான். வாரம் முழுக்க அவள் மனம்விட்டுப் பேசுவது அந்த ஒரு அழைப்பில்தான்.

ஒருநாள் தம்பி இருக்கும் மலையின் பெயர் போட்டு வந்த ஒரு பொட்டலம் ஒத்துவரவில்லை. மாங்கனீசு பாதிகூட இல்லை. ஸ்ட்ரோன்சியம் எகிறிக் கிடந்தது. 'இந்த மலையின் இலை அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வாரம் தம்பி ஞாயிறு வரை காத்திருக்கவில்லை.

"அக்கா, என் சரக்கைத் திருப்பி அனுப்பிட்டாங்க. கலப்படக்காரன்னு ஊரே பேசுது. நீதான் சோதிச்சியா?"

"உன்னோடதுன்னு தெரியாதுடா."

"இப்பத் தெரியுதுல்ல? நான் கலந்திருப்பேனா, சொல்லு."

மாட்டாய் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவளோ, "இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். அவன் பேச்சைத் துண்டித்துவிட்டான்.

மேலதிகாரியிடம் அது தம்பியின் சரக்கு என்று சொல்லி, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த இலையை ஓட்டினாள். அதே எண்கள். கலந்துதான் இருக்கிறான் என்று நம்பிவிட்டாள். அவனைக் கூப்பிட மனம் வரவில்லை. ஞாயிறுகள் வெறுமனே போயின.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் தம்பி மனைவியை அழைத்தாள்.

"அவர் பேசமாட்டார் அண்ணி. மழையில சரிஞ்ச எடத்துல ஆத்தங்கரை மண்ணை லாரி லாரியா கொண்டாந்து கொட்டி, செடி வச்சு, புள்ள மாதிரி வளத்தார். அதுல பறிச்ச மொத இலைக்கா இந்தப் பேரு?"

மண்ணக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. இலை மலையில் விளைந்ததுதான்; மண்தான் மலையுடையது இல்லை. அந்தச் சரிவின் மண்ணை வரவழைத்துச் சோதித்தாள். இலையோடு அப்படியே பொருந்தியது. மேலதிகாரியின் கையெழுத்தோடு திருத்திய அறிக்கை போனது. சரக்கை வாங்கிக்கொண்டார்கள். ஊர் வாயும் மூடியது.

அன்றே தம்பியை அழைத்தாள்.

"நீ கலக்கலடா. நிரூபிச்சிட்டேன்."

"நிரூபிச்ச பிறகுதான் உனக்குத் தெரிஞ்சுதா அக்கா?"

அவன் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள்.

இப்போதும் அவள் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறாள். எந்த மலை இலை ஒத்துவராமல் போனாலும், வெளிமண் ஏதும் கொட்டினார்களா என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. தம்பி மனைவி எப்போதாவது பேசுகிறாள். தம்பி பேசுவதில்லை.