நான் கத்தியது உடுவா, ஊடா?

போன ஜனவரியில், ஏற்காட்டில் என் நண்பனுக்கு முப்பதாம் நாள் பூசை நடந்தது. மாரடைப்பில் திடுதிப்பென்று போய்விட்டான். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு அவன் மனைவி என்னிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே அவனுடைய பழைய ஹெல்மெட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தன. "இது உங்க ரெண்டு பேருதுங்கண்ணா. நீங்களே வெச்சுக்கங்க" என்றார். அந்த நோட்டு என்னைப் படுத்தும் பாடு இன்றுவரை ஓயவில்லை.

எனக்கு பஜாரில் மிளகு, காப்பிக்கொட்டை விற்கும் கடை. அவன் ஓர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினான். இரண்டு பேருக்கும் கார் ரேஸ் என்றால் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு நேராக என் கடைக்கு வந்துவிடுவான். டி.வி.யில் ரேஸ் ஓடும்போது யாராவது கால் கிலோ மிளகு கேட்டால் "இந்த ரவுண்டு முடியட்டும், இருங்க" என்று நான் சொல்வேன். என் அத்தா தலையில் அடித்துக்கொள்வார்.

டி.வி.யில் பார்த்தது போதாதென்று சேர்ந்து ஒரு பழைய காரை வாங்கினோம். அதைப் பிரித்து மேய்ந்து போட்டிக்குத் தயார் செய்தது அவன்தான். எஸ்டேட் ரோட்டை அடைத்து, ஒவ்வொரு காராக விட்டு, யார் சீக்கிரம் வந்து சேர்கிறார் என்று பார்க்கும் போட்டி. அவன் ஓட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்து வரும் வளைவை நோட்டைப் பார்த்துக் கத்துவேன். முந்தின நாளே அந்த ரோட்டில் மெதுவாகப் போய்க் குறிப்பு எழுதிவைப்பதும் அவனே. வாயில் வருகிறபடிதான் எழுதுவான். "லெஃப்ட் நொம்ப" என்றால் இடது பக்கம் கூரான வளைவு. "உடு" என்றால் பிரேக்கை மறந்துவிட்டு ஆக்சிலேட்டரை ஒரே மிதி. எங்கள் பக்கம் 'விடு' என்பதை அப்படித்தான் சொல்வோம்.

எங்கள் மூன்றாவது போட்டி பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது. அன்று பனிமூட்டம். பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நான் சொல்வதை வைத்துத்தான் அவன் ஓட்ட வேண்டும். பாதி தூரம் வரை பிரமாதமாகப் போனோம். அடுத்த வரியைப் பார்த்துக் கத்தினேன். அவனும் ஒரே மிதி மிதித்தான். வளைவு திரும்பினால், ரோட்டை ஒட்டி ஓர் ஓட்டு வீடு! வாசலில் ஒரு பெண் கையில் முறத்தோடு அப்படியே நிற்கிறார். அல்லாவே என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் ஸ்டியரிங்கை ஒடித்தான். கார் காப்பிச் செடிகளைச் சாய்த்துக்கொண்டு இறங்கி, ஒரு சில்வர் ஓக் மரத்தில் மோதி நின்றது.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒரு கீறல் இல்லை. அவனுக்கு மட்டும் முழங்கால் நொறுங்கிவிட்டது. "என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று அந்த நிலையிலும் அவன் மீது பாய்ந்தேன். "கால் வழுக்கிருச்சு மாப்ள" என்றான். அதோடு சரி. பிறகு அவன் எந்தப் போட்டிக்கும் வரவில்லை.

நான் சும்மா இருந்தேனா? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பேன். "ரேஸ் ஓட்டச் சொன்னா இவன் காப்பி பறிக்கப் போயிட்டான்" என்பேன். அவனும் முழங்காலைத் தடவிக்கொண்டே கூடச் சிரிப்பான். பன்னிரண்டு வருடங்கள் இப்படி ஓட்டினேன்.

பூசைக்கு மறுநாள் கடையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். அந்தப் பக்கம் வந்தது. "உடு" என்று எங்கு எழுதினாலும் குட்டி உ போடுவான். இந்த ஒரே ஓர் இடத்தில் மட்டும் பெரிய ஊ. "ஊடு". எங்கள் பேச்சில் வீடு. வளைவைத் தாண்டினால் வீடு இருக்கிறது, பார்த்துப் போ என்று எழுதியிருக்கிறான்! அப்படியானால் வீடு என்று எழுதியதை நான் விடு என்று கத்தினேனா? அவன் காலையும் ஒடித்து, ரேஸையும் பிடுங்கிக்கொண்டு, மேலே கேலியும் பேசிக்கொண்டிருந்தவன் நானா?

மனசு கேட்காமல் அவன் வீட்டுக்கு ஓடினேன். அவன் மனைவியிடம் நோட்டைக் காட்டி, அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். "நீங்க ஊடுன்னு சரியாத்தான் சொன்னீங்களாமுங்க. அவருக்குத்தான் உடுன்னு காதுல உழுந்துச்சாம். உங்ககிட்டச் சொன்னா அதுக்கும் சிரிப்பீங்கன்னு சொல்லலையாமுங்க" என்றார்.

என்னிடம் கால் வழுக்கியது என்றான். மனைவியிடம் காது ஏமாற்றியது என்றிருக்கிறான். இதில் எது நிஜம்? இல்லை, இரண்டுமே என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா? அன்று நான் என்னதான் கத்தினேன் என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. ஒரு நாள் குட்டி உ போலத் தோன்றும். மறுநாள் பெரிய ஊ போலத் தோன்றும்.

ஒரு மாதம் கழித்து அந்த எஸ்டேட்டுக்கே போனேன். வீடு அப்படியே இருந்தது. வளைவில் நின்றுகொண்டு, ஆள் இல்லை என்ற தைரியத்தில், அன்றைக்குப் போலவே உச்சக் குரலில் "ஊடு!" என்று கத்தினேன். பெரிய ஊதான், சந்தேகமே இல்லை. உள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்தார். முறத்தோடு நின்ற அதே பெண்தான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஏனுங்க, எதைய உடச் சொல்றீங்க? நாயையா?" என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் சரியாகவே கத்தியிருக்கலாம்தான். ஆனால் அதை நினைத்து ஒரு துளி நிம்மதி வரவில்லை. நிஜம் தெரிந்த ஒரே ஆளிடம் பன்னிரண்டு வருடங்கள் நான் சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு தடவையாவது ஒழுங்காகக் கேட்கவில்லை.

இப்போதும் கடையில் யாராவது அந்த ரேஸ் கதையைக் கேட்டால், "நான்தாங்க தப்பாப் படிச்சேன்" என்கிறேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டு இத்தனை காலம் சிரித்தவனுக்கு, இனி நான் திருப்பிச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.