நஞ்சு வைக்காத செக்கியூரிட்டி

வெள்ளவத்தையில் எங்கட பிளாட்டுக்கு அவர்தான் செக்கியூரிட்டி. நரைத்த மீசை, மடிப்புக் கலையாத காற்சட்டை, தேய்ந்த சப்பாத்து. சிங்களவர், எங்களோடு தமிழிலேயே கதைப்பார்; என்னை மட்டும் மரியாதையாக 'நோனா' என்பார், நானும் அவரை அண்ணன் முறைக்கு 'அய்யே' என்பேன். பிளாஸ்கில் கொண்டுவரும் தேத்தண்ணியில் கொஞ்சத்தைச் சின்னக் கோப்பையில் ஊற்றி, கேட்டடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் புத்தருக்கு வைத்த பிறகுதான் தான் குடிப்பார்.

கீழ்த்தளத்தில் எலி பெருகிவிட்டது. பிளாட் கமிட்டிச் செயலாளர் நான். எலி நஞ்சு இருந்த கடதாசிப் பக்கெட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஏலாது நோனா. கூடு ஒண்டு வாங்கித் தாங்க. பிடிச்சுக் கொண்டுபோய்க் கடற்கரையில விடுறேன்."

"அது திரும்பி வந்திடும், அய்யே."

"வரட்டும். திரும்பவும் கொண்டுபோறேன்."

எனக்குக் கோபம் ஏறியது. "கமிட்டி சொல்லுறதைச் செய்யாட்டி வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டும்," என்றார், குரலை உயர்த்தாமல். "ஒரு உயிரையும் கொல்லமாட்டேன் எண்டு விடிய எழும்பிப் புத்தருக்கு முன்னால சொல்லிட்டு வாறேன். இண்டைக்கு நஞ்சு வைச்சா, நாளைக்கு விடிய என்னத்தைச் சொல்ல? வேணுமெண்டா நீங்களே வையுங்க. நான் மறிக்கமாட்டேன்."

அன்று பின்னேரம் பக்கெட்டோடு நானே இறங்கிப் போனேன். அவர் கதிரையிலிருந்து எழும்பி, பேசாமல் வழி விட்டார். படியடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி மேலே ஏறினேன். அடுத்த நாள் எலிக்கூடு வாங்கினேன்.

அவர் இப்போது வேறெங்கோ வேலை செய்கிறார். பக்கெட் பிரிக்கப்படாமல் என் குசினி அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர்மேல் கோபம் வருகிறது. அன்றைக்கு ஒரு சொல் சொல்லித் தடுத்திருந்தால், அந்த வீம்பிலேயே நான் நஞ்சை வைத்திருப்பேன்.