கடைசி பெஞ்சில் அம்மா

ஜூன் மாத மழையில் நனைந்த பள்ளிச் சீருடைகள் உடம்புச் சூட்டிலேயே காயும்போது ஒரு புளித்த வாடை எழும். எட்டாம் வகுப்பில் படித்த அந்த மழைக்காலத்தில், அந்த வாடையை ஊடுருவிக்கொண்டு என் முதுகுப் பக்கமிருந்து இன்னொரு மணமும் வந்துகொண்டிருந்தது: மஞ்சளும் கடுகு தாளித்த எண்ணெயும் கலந்த, எங்கள் வீட்டு அடுக்களையின் மணம். கடைசி பெஞ்சில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள். காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை அவள் அங்கேதான் இருந்தாள். நான் திரும்பிப் பார்க்காமலே இருந்தேன்.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் குடிவந்தவர்கள். அப்பா ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கர். ஒரு மூட்டை வெல்லம் கணக்கில் இடித்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. அப்படிப்பட்டவருக்குப் பிறந்த நானோ கொண்டுபோன குடையைத் திரும்பக் கொண்டுவந்ததில்லை, சாப்பிடும்போது பாதியில் எழுந்து வாசலுக்குப் போனால் தட்டையே மறந்துவிடுவேன். "ஒனக்கு ஓர்மையே கெடையாதா?" என்று அப்பா கேட்பது வீட்டில் என் இன்னொரு பெயர் போலவே ஆகியிருந்தது. ஊரிலிருந்து வரும் அத்தை, "காலுல சக்கரம் கெட்டில்லா பெத்துப் போட்டிருக்கா" என்று அம்மாவையும் சேர்த்தே குத்துவாள். பள்ளியில் அதையே மலையாளத்தில் சொன்னார்கள்: "ஈ குட்டிக்கு ஒட்டும் ச்ரத்த இல்லா." கொஞ்சமும் கவனம் இல்லையாம். ஓட்டுக்கூரையில் விழும் மழை, பக்கத்துப் பெண் பேனா மூடியைக் கடிக்கும் சத்தம், மைதானத்தில் தேங்கிய தண்ணீரில் வந்து இறங்கிய கொக்கு என்று எல்லாமே ஒரே நேரத்தில் என்னைக் கூப்பிட்டன என்பதையும், டீச்சரின் குரல் அவற்றில் ஒன்றாக மட்டுமே இருந்தது என்பதையும் சொல்ல அன்று எனக்கு வார்த்தை இல்லை.

ஒருநாள் கழிப்பறையில் வாளிக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, கொக்கைப் பார்க்கப் போய்விட்டேன். தண்ணீர் வராந்தாவெல்லாம் ஓடி தலைமையாசிரியை அறைக்குள் புகுந்தது. மழைத்தண்ணீர் என்று நினைத்து வெகுநேரம் யாரும் குழாயைத் தேடவில்லை. மறுநாள் அப்பாவை வரச்சொன்னார்கள். இனி வீட்டிலிருந்து ஒருவர் கூடவே வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம் என்றார் வகுப்பாசிரியை. அப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். வழியெல்லாம் என் பையையும் தானே சுமந்துகொண்டு முன்னால் நடந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த நாள் அம்மா விடியுமுன் சமைத்து முடித்து, கல்யாண வீடுகளுக்கு உடுத்தும் சேலையை உடுத்திக்கொண்டு என்னோடு நடந்தாள். முதல் வாரத்துக்குள்ளேயே எனக்கு "அம்மக்குட்டி" என்று பெயர் விழுந்துவிட்டது. ஆஜர் கூப்பிடும்போது என் பெயருக்குப் பிறகு யாராவது ஒருத்தி மெதுவாக "அம்மையும் ஹாஜர்" என்பாள். இடைவேளையில் அம்மா தண்ணீர்க் குப்பியோடு என்னைத் தேடி வருவாள். நான் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பேன்.

சில நாட்களில் பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அம்மா முந்தானையை மடிப்பாள், பிரிப்பாள். பெஞ்சின் சிம்பை நகத்தால் பெயர்ப்பாள். ஒருநாள் வகுப்பாசிரியை சமூகப்பாடம் நடத்திக்கொண்டிருக்கையில், சாரல் அடிக்கிறதென்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள், அப்படியே கீழே சரிந்து கிடந்த குடைகளை எடுத்துச் சுவரோரம் அடுக்கினாள், பிறகு எதற்கு எழுந்தோம் என்பதையே மறந்தவள்போல் அங்கேயே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பாடத்தை நிறுத்தினார்.

"அம்மே, நிங்ஙளெங்கிலும் ஒந்நு அடங்ஙி இரிக்கூ."

நீங்களாவது கொஞ்சம் அடங்கி உட்காருங்கள். வகுப்பு சிரித்தது. அப்போதுதான் நான் முதல்முறையாகத் திரும்பினேன். அம்மா பெஞ்சில் வந்து உட்கார்ந்து, முகவாய் நெஞ்சில் படும்படி தலையைக் குனிந்து, ஒரு விரலால் இன்னொரு விரலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் திட்டு வாங்கும்போது உட்காரும் விதம் அது. அதுவரை அம்மாவால் அவமானம் என்று நினைத்திருந்த எனக்கு, அவளுக்காகக் காது சுட்டது.

அம்மா தலையைத் தூக்கினாள். மலையாளம் வாயில் வரவில்லை அவளுக்கு.

"என்னாலயும் இருக்க முடியல்ல டீச்சரே. நாலு பீரியடு இருக்கதுக்குள்ள உசிரு போவுது. இவ ஒண்ணாங்கிளாசுல இருந்து இப்பிடி இருக்கா. இனி நான் என்ன சொல்லி இவள அடக்கது?"

அவளுடைய தமிழைக் கேட்டு இரண்டு பெண்கள் சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். டீச்சர் பாடத்தைத் தொடர்ந்தார். மாலையில் அம்மாவை வராந்தாவில் நிறுத்தி வெகுநேரம் பேசினார். தன் தங்கை மகனும் இப்படித்தான் என்றும், குழந்தைகளைப் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டியபின் நல்ல மாற்றம் என்றும் சொன்னாராம்.

அந்த டாக்டர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். சோம்பலோ வளர்ப்பின் குறையோ இல்லை, மூளை கவனத்தைப் பிடித்துவைக்கும் விதம் இந்தப் பிள்ளைக்கு வேறு மாதிரி என்றார். ஒரே மூச்சில் ஐந்து வேலை சொல்லாதீர்கள், ஒன்றைச் சொல்லுங்கள், முடித்ததும் பாராட்டுங்கள், பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள் என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச காலம் மாத்திரையும் இருந்தது. அப்பா குரலைத் தாழ்த்தி, இதெல்லாம் வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பள்ளியில் என்னை ஜன்னலிலிருந்து விலக்கி முன்பெஞ்சில் உட்காரவைத்தார் டீச்சர். என் மனம் ஓடும்போது பெயர் சொல்லிக் கூப்பிடாமல், நடந்துவரும் வாக்கில் என் மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். பாதி வகுப்பில் சாக்பீஸ் எடுத்துவர என்னைத்தான் அனுப்புவார். "போய்ப் படி" என்று மட்டுமே சொல்லத் தெரிந்திருந்த அப்பா, "ஒரு கணக்குப் போடு, எந்திரிச்சு முத்தத்துல ஒரு சுத்து சுத்திட்டு வா" என்று சொல்லக் கற்றுக்கொண்டார். பலநாள் மறந்து கத்திவிடுவார். கத்திவிட்டு வந்து பக்கத்தில் சும்மா நிற்பார். எனக்கு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் பரீட்சைத் தாளைக் கடைசிக் கேள்விவரை எழுதினேன். அம்மா வருவது நின்றது. "அம்மக்குட்டி" என்ற பெயர் மட்டும் பத்தாம் வகுப்புவரை கூடவே வந்தது.

இப்போது திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போனில் பத்து அலாரம் வைத்துக்கொண்டு நாளைத் தள்ளுகிறேன். அலுவலகத்தில் யாரிடமும் காரணம் சொன்னதில்லை, இன்னும் சொல்ல நாக்கு எழவில்லை. சமீபத்தில் அந்தப் பள்ளிப் பக்கம் போக நேர்ந்தது. ஓட்டுக்கூரைக் கட்டடம் போய்விட்டது, மர பெஞ்சுகளும் இல்லை. புதுக் கட்டடத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலருக்கென்று ஒரு அறையும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. எந்தத் தாயையும் இப்போது வகுப்பில் வந்து உட்காரச் சொல்வதில்லையாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுக்களையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்துபோய் அடுப்பைத் தணித்தாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், திரும்ப வந்தாள். அந்த நாட்களில் உனக்கு வெட்கமாக இருக்கவில்லையா என்று இத்தனை வருடங்கள் கழித்துக் கேட்டேன்.

"இல்லாம இருக்குமா? தெனமும் செத்துப் போலாம்போல இருந்து" என்றாள். ஒரு பயற்றங்காயின் நாரை உரித்துக்கொண்டே தொடர்ந்தாள்: "நானும் எட்டாங்கிளாசோடதான் நின்னேன். அடங்கி இருக்க மாட்டேங்கான்னு என்னை வெளிய நிறுத்துனாங்க. வீட்டுலேருந்து ஆளைக் கூட்டிட்டு வான்னாங்க. ஆரும் வரல்ல. பெறவு நானும் போவல்ல."

சொல்லிவிட்டு, இப்போதுதான் கையில் இருந்த பிச்சாத்திக் கத்தியை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தாள். நானும் எழுந்து அவளோடு தேடினேன்.