நாற்பது நாள் டீ

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் இன்னாசிமுத்து கண்டக்டர். படிக்கட்டில் தொங்குகிறவனைக்கூட, "உள்ள வாங்க தம்பி, முழுசாப் போய்ச் சேருங்க" என்று சிரித்தபடிதான் கூப்பிடுவார். அந்தச் சிரிப்பு மேலப்புதூர் வீட்டு வாசலோடு நின்றுவிடும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். வருஷா வருஷம் ஆண்டவருக்காக டீயை விடுவார்; மூன்றாம் நாளே தலைவலி, அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் இடிமுழக்கம்தான்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மனைவி மார்சலின் சொல்லிவிட்டாள்: "ஒறுத்தல் உங்களுது, அனுபவிக்கிறது நாங்களா? நீங்க டீயைக் குடிங்க. கத்துறதை விடுங்க."

பூ, இவ்வளவுதானா என்று நினைத்தார். மறுநாளே ரசத்தில் உப்பில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பஸ்ஸில் சில்லறை கேட்கும் குரலில், "கொஞ்சம் உப்பு குடுங்கம்மா" என்றார். மார்சலின் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

இருபதாம் நாள், "முட்டிவலி எப்படி இருக்கு?" என்று அவளைக் கேட்டார். கேட்டதோடு, பதில் முடியும்வரை உட்கார்ந்தும் இருந்தார்.

ஈஸ்டர் காலையில் மார்சலின் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள்.

"எனக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு எனக்கு. நீங்க விடாத டீயை நான் விட்டிருந்தேன். நாப்பது நாளாச்சு."

அவளுக்கும் தலை வலித்திருக்குமே! வீட்டில் ஒரு சத்தமும் வரவில்லை. தினமும் அவள் கையால் டீ வாங்கிக் குடித்தவர், அந்தக் கையில் இன்னொரு டம்ளர் இல்லாததைப் பார்க்கவே இல்லை.

"சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன!" என்று கத்த வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இரண்டு டம்ளரையும் அவள் பக்கமே நகர்த்தி வைத்தார்.