சொந்தக்காரர் இல்லாத கடற்கரை

இருபத்தெட்டு வருடங்களில் என் மனைவி தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊருக்கு ஒரு கிழமை, ஏழு நாள், போய் இருக்க வேண்டும். அதுவரை எங்கள் விடுமுறைகள் எல்லாம் வீடுகளுக்குத்தான். பாரிஸில் அவளுடைய சித்தி வீடு, டொரொண்டோவில் என் தம்பி வீடு, யாழ்ப்பாணத்தில் எல்லார் வீடும். எங்கே போனாலும் அவள் குசினியில், அடுப்படியில்தான் நின்றாள்.

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி அவளே கோவாவைத் தேடிப் பிடித்தாள். போர்த்துக்கேயர் விட்டுப்போன வெள்ளைத் தேவாலயங்கள், மஞ்சளும் நீலமும் பூசிய வீடுகள், கடலைப் பார்த்த அறை. "அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நல்லா விசாரிச்சிட்டன்," என்றாள்.

பிழை என்னுடையது. இந்தியாவுக்குப் போய்விட்டு, சென்னையில் இருக்கும் என் அக்காவுக்குச் சொல்லாமல் திரும்பினால், எங்கள் ஆட்களிடம் அது செத்தவீட்டுக்குப் போகாததற்குச் சமம். பத்து வருடம் கதைக்கமாட்டார்கள். ஆகவே ஒரு மரியாதைக்குப் போன் எடுத்தேன்.

"கோவாவோ? ஆரும் இல்லாத இடத்தில தனிய என்னடா செய்யப் போறியள்?" என்றார் அக்கா. ஹோட்டல் பெயரையும் கேட்டார். சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

இரண்டாம் நாள் காலை, புதிதாக வாங்கிய தொப்பியோடு மனைவி கடற்கரைக்குப் புறப்பட்டபோது, கீழே வரவேற்பறையில் அக்காவும் அத்தானும் மூன்று பெட்டிகளோடு நின்றார்கள். ஒன்றுக்குள் மின்சார அடுப்பு, இடியப்ப உரல், மிளகாய்த்தூள்.

"ஹோட்டல் சாப்பாடு தம்பிக்கு ஒத்துவராது," என்றார் அக்கா.

மனைவி தொப்பியைக் கழற்றினாள். "வாங்கோ மச்சாள், வாங்கோ," என்றாள். முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்தக் கிழமை நன்றாகவே போனது, எனக்கு. தேவாலயத்துக்குக் கூட்டிப்போனால் அக்கா, "எங்கட யாழ்ப்பாணக் கோட்டையும் இந்தப் போர்த்துக்கேயர் கட்டினதுதானே, இதில என்ன புதினம்?" என்று வாசலிலேயே திரும்பிவிட்டார். பின்னேரங்களில் அத்தானும் நானும் கடலோரம் நடந்து அரசியல் கதைத்தோம். மனைவி அக்காவின் அறையில் இடியப்பம் பிழிந்தாள். ஒருநாள், "நீரும் வாருமன்," என்று கூப்பிட்டேன். "மச்சாள் தனிய நிக்கிறா," என்றாள். அவளுடைய கால் கடலில் பட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

லண்டன் திரும்பிய பிறகும் அவள் ஒரு சொல் சொல்லவில்லை. சண்டை பிடித்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வேலையில் லீவு கேட்டு எடுத்துவிட்டதாகச் சொன்னாள். மாசியில் ஒரு கிழமை. அதே கோவா, அதே ஹோட்டல்.

"நல்ல விசயம்! இந்த முறை அக்காவுக்கு மூச்சும் விடமாட்டன், சத்தியமா," என்றேன். "நான் எத்தினையாந் திகதி லீவு போடோணும்?"

அவள் என் சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கறி விட்டாள்.

"மச்சாளுக்குத் தாராளமாச் சொல்லுங்கோ," என்றாள். "நீங்கள் இஞ்ச தனிய நிக்கப்போறியள் எண்டு. விசா எடுத்து வந்து சமைச்சுத் தருவா."